நடுக்காட்டில் ஒரு வாசற்படி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் பக்கம் காட்டுக்குள் நடந்தால் திடீரென்று ஒரு கற்சுவர் குறுக்கிடும். காரை கிடையாது, வெறும் அடுக்கு. தொடை உயரம் இருக்கும். தாண்டிப் போனால் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. முதல் தடவை பார்த்தபோது, இந்த அத்துவானக் காட்டில் யாருக்கு யாரோடு வரப்புத் தகராறு என்று நினைத்தேன்.

சுவர் எழும்பிய காலத்தில் அங்கே காடே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த வட்டாரத்தின் பெரும்பகுதி வயலும் மேய்ச்சல் நிலமும்தான். மண்ணுக்குள்ளோ, பனியாறுகள் கொட்டிவிட்டுப் போன கற்கள். குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும்போது கல்லும் சேர்ந்து மேலே வரும். இளகும்போது அடியில் மண் சரிந்து அடைத்துக்கொள்ளும். கல் பழைய இடத்துக்குத் திரும்பாது. போன வருடம் பொறுக்கிய வயலில் இந்த வருடமும் கல். எருது இழுக்கும் சறுக்குப் பலகையில் ஏற்றி ஓரமாகக் கொண்டுபோய்த் தள்ளினார்கள். வேலி என்கிறோம், என்னைக் கேட்டால் பாதி குப்பைமேடு!

அந்தக் குப்பையைக் கிளறினால் விவரம் கிடைக்கும். பெரிய கற்கள் மட்டும் இருந்தால் பக்கத்தில் ஆடு மாடு மேய்ந்திருக்கும். எலுமிச்சம்பழ அளவுக் கற்கள் இடுக்கெல்லாம் கிடந்தால் அங்கே ஏர் ஓடியிருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் அந்தப் பொடிக்கல்லை எவன் குனிந்து பொறுக்குவான்?

ஆடு என்றதும் வெர்மான்ட்தான். மெரினோ ஆட்டுக் கம்பளிக்கு அப்படியொரு மவுசு. 1840-இல் அந்த மாநிலத்தில் மனிதர்கள் 3 லட்சத்துக்கும் குறைவு, ஆடுகள் சுமார் 17 லட்சம். அப்புறம் கம்பளி விலை சரிந்தது. 1825-இல் திறந்த ஈரி கால்வாயும், பின்னால் வந்த ரயிலும் மேற்கேயிருந்து தானியத்தை மலிவாகக் கொண்டுவந்து இறக்கின. மேற்கே, கல் தொல்லை குறைந்த ஒஹையோ மண் இளைஞர்களை இழுத்தது. பெண்கள் பலர் லோவெல் ஊர் நெசவாலைகளுக்குப் போனார்கள். ஆள் போன வயலில் பைன் முளைத்தது.

சுவரை ஒட்டியே நடந்தால் சில இடங்களில் வீடு இருந்த இடமும் கிடைக்கும். மர வீடு எரிந்தோ மக்கியோ போயிருக்கும். மிஞ்சியது கல் கட்டிய நிலவறைக் குழி. நான் பார்த்த ஒன்றில், குழிக்குள்ளிருந்தே ஒரு பிர்ச் மரம் என்னைவிட நாலு மடங்கு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மேலே கருங்கல் வாசற்படி ஒன்று, நடுவில் லேசாகத் தேய்ந்து. அதன் பக்கத்தில் யாரோ ஆசையாக நட்ட லைலாக் செடி, மே மாதத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றது.

கிட்டப் போய் முகரப் போனேன். கூட வந்த நண்பர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வீடு இருந்தால் கிணறும் இருக்கும். கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டுக் காலை வை."

மூன்றடி தள்ளி, சருகுக்கு அடியில் இருந்தது.