திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

(வேலூரில் இறுதியாண்டு மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பி தங்கைகளே, வணக்கம்.

இந்த அரங்கத்தில் பின்வரிசைதான் முதலில் நிரம்பியது. நானும் கல்லூரியில் அந்த வரிசையில் உட்கார்ந்தவன். இன்று பேச வந்திருப்பது பின்வரிசைக்காரர்களுக்காக.

'நாலு பேர்கிட்ட பழகு, அப்பதான் வேலை கிடைக்கும்' என்று வீட்டில் சொல்கிறார்கள். நாலு பேரிடம் பேசினாலே களைத்துப்போகிற பிள்ளை என்ன செய்யும்? கூச்சம் வேறு, இது வேறு. கூச்சப்படுகிறவருக்குப் பேச ஆசை இருக்கும், பயம் தடுக்கும். அமைதியான சுபாவக்காரருக்குப் பயம் இருக்க வேண்டுமென்பதில்லை. கூட்டத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் சோர்வு வரும், தனியாக இருந்தால் தெம்பு வரும், அவ்வளவுதான். அந்தச் சுபாவத்தை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலமாக வேலை மாறியவர்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: வேலைச் சேதி சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அடிக்கடி என்றவர்கள் 100-க்கு 17 பேர்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது, அல்லது அபூர்வமாக என்றார்கள். யோசித்தால் புரியும். உயிர் நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் சேதி வேறு வட்டத்திலிருந்துதான் வரவேண்டும்.

நம் ஊரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். விடியற்காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், காட்பாடி என்று சீசன் டிக்கெட்காரர்கள் ஏறுவார்கள். ஒருவர் இடம் போட்டு வைப்பார், இன்னொருவர் தலையாட்டுவார். பேச்சு அவ்வளவுதான். ஆனால் 'எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க' என்ற சேதி அங்கேதான் கைமாறும். அமைதியானவருக்கு இந்த அளவு உறவு பாரமே இல்லை.

சரி, ஆள் யாரையுமே தெரியாத இடத்தில்? என் கதையைச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோலுக்கு மேல்பூச்சுக் கொடுக்கும் ஃபினிஷிங் பிரிவில் சேர்ந்த புதிது. சென்னை நந்தம்பாக்கத்தில் தோல் கண்காட்சிக்கு அனுப்பினார்கள். சட்டைப்பை நிறைய விசிட்டிங் கார்டு. மத்தியானம் வரை ஒன்றுகூடக் கொடுக்கவில்லை, சுவரோரம் நின்றேன். பையில் ஒரு தோல் துண்டு இருந்தது. மடித்தால் மேல்பூச்சு வெடிக்கும், எங்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. ஃபினிஷிங் கெமிக்கல் விற்கும் ஸ்டாலில் வயதான ஒருவர் தனியாக இருந்தார். துண்டை நீட்டி, "சார், இது ஏன் வெடிக்குது?" என்றேன்.

அவர் என் பெயரைக் கேட்கவில்லை. துண்டை நாலாக மடித்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மடிப்போரம் வெள்ளைக் கோடு விழுந்தது. "கேசின் அதிகமாப் போட்டிருக்கீங்க தம்பி. அது காஞ்சா விறைக்கும். குறைச்சுட்டு, கொஞ்சம் மெத்துனு இருக்கிற அக்ரிலிக் பைண்டரைக் கூட்டிப் பாருங்க." கேசின் என்பது பாலிலிருந்து எடுக்கும் ஒட்டுப்பொருள். பைண்டர் என்றால் பூச்சைத் தோலில் பிடிக்கவைப்பது. மொத்தம் ஐந்து நிமிடம்.

பத்து நாள் கழித்து நான் செய்த காரியத்தைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அவருக்குப் போன் செய்து, "நீங்க சொன்னபடி மாத்தினேன் சார், வெடிக்கலை" என்றேன். யோசனை கேட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்கிறவர்கள் மிகக் குறைவு. அவர் குரலில் தெரிந்த சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் வருஷத்துக்கு இரண்டு தடவை பேசுவோம், தொழில் விஷயம் மட்டும். நாலாவது வருஷம், "வாணியம்பாடியில ஒரு இடத்துல ஃபினிஷிங் தெரிஞ்ச ஆள் வேணுமாம், உன் பேரைச் சொல்லிட்டேன்" என்றார். நான் கேட்கவே இல்லை.

கூட்டத்துக்குப் போகும்போது உங்களுக்கு நிஜமாகவே விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துப் போங்கள். தனியாக நிற்கும் ஒருவரைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் எழுதினாலும் 'உங்களுடன் தொடர்பில் இருக்க விரும்புகிறேன்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். அவர் சொன்ன ஒரு விஷயத்தைச் சொல்லி, அதை வைத்து நீங்கள் செய்ததை எழுதுங்கள். எழுத்து நம்மைப்போன்றவர்களுக்குப் பெரிய வசதி, நிதானமாக யோசிக்க நேரம் தருகிறது. அசதியாக இருந்தால் கிளம்பிவிடுங்கள், தப்பே இல்லை.

அந்தத் தோல் துண்டைக் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இந்த ஓரத்து நாற்காலியில்தான் இருப்பேன். மடித்துப் பார்க்க நினைப்பவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள்.