தாஷ்கண்ட் போறதுக்கு முன்னாடி டில்லியில ஒரு முலாம்பழத்தைத் தேடி

(காட்சி: ஆர்.கே.புரம் வீட்டுச் சமையலறை. பலகையில் பாதி வெட்டிய முலாம்பழம்.)

வணக்கம். டில்லியில மே மாசம். தெருமுனைத் தள்ளுவண்டி எல்லாத்துலயும் கர்பூஜா குவிஞ்சு கிடக்கு. நாம முலாம்பழம், கிர்ணிப்பழம்னு சொல்றோமே, அதேதான். நானும் அம்மாவும் இந்த வருஷம் உஸ்பெகிஸ்தான் போறோம். தாஷ்கண்ட் அதோட தலைநகர். எந்த மாசம் போறதுன்னு எங்களுக்கு முடிவு பண்ணிக் கொடுத்தது இந்தப் பழம்.

வெளிநாடு போறதுன்னு ஆனதும் முதல்ல போனை எடுத்து 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்'னு தேடுவோம். நானும் தேடினேன். அங்க இருக்கிற பழைய நகரம் சமர்கந்துன்னு போட்டா, ரெஜிஸ்தான் சதுக்கத்தோட அதே நீல முகப்பு, எல்லாப் படத்துலயும் அதே கோணம். அழகுதான். ஆனா அங்க போய் யார்கிட்ட என்ன கேக்கணும்னு ஒண்ணுமே தோணலை.

அதனால பட்டியலை மூடி வெச்சுட்டு, ஒரே ஒரு தின்கிற பொருளைப் பிடிச்சுக்கிட்டோம். அது எங்க விளையுது, எந்த மாசம் பழுக்குது, டில்லிக்கும் அதுக்கும் என்ன உறவு, இதை மட்டும் தேடிக்கிட்டே போறது. நீங்க எந்த நாட்டுக்குப் போனாலும் இதைச் செய்யலாம். எங்களுக்கு முலாம்பழம் கிடைச்சுது.

(காட்சி: வரைபடம். ஃபெர்கானா பள்ளத்தாக்கிலிருந்து காபூல் வழியாக டில்லிக்கு ஒரு கோடு.)

பாபர் 1483-ல ஃபெர்கானாவுல அந்திஜான் ஊர்ல பிறந்தவர். அந்த ஊர் இன்னிக்கு உஸ்பெகிஸ்தான்ல இருக்கு. 1526-ல பானிபட்டுல ஜெயிச்சு டில்லியைப் பிடிக்கிறார். தன் நினைவுக் குறிப்புல இந்துஸ்தான்ல என்னென்ன இல்லைன்னு ஒரு பெரிய குறைப்பட்டியலே போடறார்: நல்ல குதிரை இல்லை, திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, ஐஸ் இல்லை, கடைத்தெருவுல நல்ல ரொட்டி இல்லை. 1529-ல காபூல்ல இருந்த நண்பருக்கு ஒரு கடிதம் எழுதறார். யாரோ ஒரு முலாம்பழம் கொண்டுவந்தாங்க, அதை வெட்டிச் சாப்பிடும்போது அழுதுட்டேன்னு அதுல சொல்றார்.

இதை நான் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அம்மா கல்யாணமாகி டில்லிக்கு வந்து நாப்பது வருஷமாச்சு. "மாயவரத்துல எங்க வீட்டுக் கொல்லையில ஒரு நார்த்தை மரம் இருந்துச்சு" அப்படின்னாங்க, அவ்வளவுதான். சமர்கந்துக்குப் போய்ப் பார்க்கணும்னு அவங்களுக்கு ஆசை வந்தது அன்னிக்குத்தான்.

பாபர் இன்னொண்ணும் எழுதியிருக்கார். சமர்கந்தைப் பிடிச்சப்போ, புகாரா முலாம்பழத்தையும் ஃபெர்கானாவுல இருக்கிற அக்சி ஊர் முலாம்பழத்தையும் வரவழைச்சு, விருந்துல பக்கத்துல பக்கத்துல வெட்டி வெச்சு ருசி பார்த்தாராம். அக்சிப் பழத்துக்கு முன்னாடி புகாரா பழம் நிக்கலையாம். நாங்களும் இதைத்தான் செய்யப்போறோம். எந்தச் சந்தையில நின்னாலும் ரெண்டு ஊர்ப் பழம் கேட்டு வாங்கி, அங்கயே வெட்டிச் சாப்பிடறது. இந்த யோசனை எந்தப் பயணப் பட்டியல்லயும் எங்களுக்குக் கிடைக்கலை.

அங்க முலாம்பழம் எப்போ? நிறைய கிடைக்கிறது ஜூலைக் கடைசியில இருந்து அக்டோபர் வரைக்கும். ஜூலையில வெயில் கடுமை. அதனால செப்டம்பர். ஆக, பயணத் தேதி முடிஞ்சுது. டில்லியிலருந்து தாஷ்கண்ட் விமானத்துல மூணு மணி நேரம்தான், கிட்டத்தட்ட சென்னைக்குப் போற நேரம். அங்கிருந்து சமர்கந்துக்கு அஃப்ரோசியாப் அதிவேக ரயில், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. விசா இணையத்துலயே விண்ணப்பிக்கலாம்.

(காட்சி: லஜ்பத் நகர். தந்தூர் அடுப்பிலிருந்து நீள நான் எடுக்கும் கை.)

அடுத்தது சாப்பாடு. லஜ்பத் நகர்ல ஆப்கானியர்கள் நடத்துற ரொட்டிக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கு. உஸ்பெக் சாப்பாடும் ஆப்கான் சாப்பாடும் ஒண்ணு இல்லை, ஆனா பங்காளிங்க. நான் காபூலி புலாவ் சாப்பிட்டேன். மேல கேரட்டும் கிஸ்மிஸும் தூவி, நம்ம பிரியாணி மாதிரி காரம் இல்லாம, கறியோட சாறுல வெந்த சோறு. உஸ்பெகிஸ்தான்ல இதோட உறவுக்காரப் பேர் பலாவ். அங்க ஓஷ்னும் சொல்றாங்க. 2016-ல யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு.

தாஷ்கண்ட்ல சோறு, கேரட், கறி எல்லாத்தையும் கலந்து போடுவாங்க. சமர்கந்துல கலக்கமாட்டாங்க, அடுக்கடுக்கா வரும். இது மத்தியானச் சாப்பாடு. பெரிய இரும்புக் கொப்பரையில காலையில ஏத்தினது மதியத்தோட தீர்ந்துடும். ராத்திரி போய்த் தேடினா ஏமாந்துதான் வரணும். அதனால அந்த ரெண்டு ஊர்லயும் இருக்கிற நாட்களோட மதிய நேரத்தை முதல்லயே ஒதுக்கிட்டோம்.

அம்மா சுத்த சைவம். இந்த இடத்தை மட்டும் கவனமா கேளுங்க, நம்ம வீடுகள்ல நிறைய பேருக்கு இது தேவைப்படும். பலாவுல இருக்கிற கறித்துண்டை எடுத்துட்டா சைவம் ஆயிடாது. முதல்ல கறி, வெங்காயம், கேரட் சேர்த்து ஒரு சாறு வைக்கிறாங்க, அது பேர் சிர்வாக். அரிசியை அதுக்கு மேல போட்டு வேக வைக்கிறாங்க. பூசணிக்காய் வெச்ச சோம்சா இருக்கு, நம்ம சமோசாவோட அண்ணன், தந்தூர்ல சுட்டது. ஆனா அதுலயும் சில பேர் ஆட்டுவால் கொழுப்பு சேர்ப்பாங்க. கேட்டுட்டுத்தான் வாங்கணும்.

கேக்கறதுக்கு டில்லிக்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு. இங்க கறியை கோஷ்த்னு சொல்றோம், அங்கயும் அதே சொல்தான். 'சிஸ்'னு முடிச்சா 'இல்லாம'ன்னு அர்த்தம். கோஷ்த்சிஸ், கறி இல்லாம. அம்மா இதை ஒரு வாரமா சொல்லிப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. வெங்காயம் பியோஸ், ரொட்டி நோன், டீ சோய், எல்லாம் காதுக்குப் பழகினதுதான். ஒரே ஒரு சொல்லுல கவனம் வேணும்: சப்ஜி. இங்க அது காய்கறி, அங்க அது கேரட். சப்ஜி வேணும்னு கேட்டா கேரட்தான் வரும்.

அம்மாவுக்கு என்னென்ன இருக்குன்னு பார்த்தோம். ரொட்டி, கத்திக்னு கெட்டித் தயிர், தக்காளியும் வெங்காயமும் மெலிசா சீவின அச்சிச்சுக், பழங்கள். இது போக, தாஷ்கண்ட் சோர்சு சந்தையில கொரியக் கேரட் சாலட். உஸ்பெகிஸ்தான்ல கொரியச் சாப்பாடு ஏதுன்னு எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு. 1937-ல ஸ்டாலின் ஆட்சி, ரஷ்யாவோட கிழக்குக் கோடியில வாழ்ந்த கொரியர்களைக் கூட்டம் கூட்டமா ரயில்ல ஏத்தி மத்திய ஆசியாவுல கொண்டுவந்து இறக்கிடுச்சு. முட்டைக்கோஸ் கிம்ச்சி போட வழியில்லாம, கிடைச்ச கேரட்டைப் பூண்டு, மிளகாய், வினிகர் போட்டு ஊறவெச்சாங்க. அந்தக் கிண்ணத்தை வாங்கும்போது இதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்னு நினைக்கிறேன்.

(காட்சி: ஹுமாயூன் கல்லறையின் வெள்ளைக் குவிமாடம்.)

கட்டடங்களுக்கும் டில்லியிலயே ஒரு ஒத்திகை பார்க்கலாம். ஹுமாயூன் கல்லறையை வடிவமைச்சவர் மீரக் மிர்சா கியாஸ், மத்திய ஆசியாவுல வேலை பார்த்துட்டு வந்தவர். குவிமாடத்துக்குள்ள இன்னொரு குவிமாடம் வைக்கிற அந்த முறையைச் சமர்கந்துல தைமூர் கல்லறையில பார்க்கலாம். அப்புறம் ஜந்தர் மந்தர், வானத்தை அளக்கிற கூடம். ராஜா ஜெய்சிங் 1724-ல கட்டினது. அவர் முன்மாதிரியா வெச்சுக்கிட்டவர் சமர்கந்து அரசர் உலுக் பெக். ஜெய்சிங்குக்குக் கிட்டத்தட்ட மூணு நூற்றாண்டுக்கு முன்னாடியே ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களைக் கணக்கெடுத்தவர். அவரோட வானாய்வுக் கூடத்துல இப்போ மிச்சம் இருக்கிறது பூமிக்குள்ள இறங்குற ஒரு வளைவு மட்டும்தான்.

மறுபடியும் முலாம்பழத்துக்கு வர்றேன். பாபருக்கும் இருநூறு வருஷம் முன்னாடி, துக்ளக் ஆட்சியில டில்லியில காஜியா, அதாவது நீதிபதியா இருந்தவர் மொராக்கோ பயணி இபன் பதூதா. பின்னாடி மதுரைக்கும் வந்தவர். புகாரா பழத்தை விட்டா குவாரிசம் முலாம்பழத்துக்கு உலகத்துல ஈடே இல்லைன்னு அவர் எழுதறார். அதைக் கீத்துக் கீத்தா அறுத்து, வெயில்ல காயவெச்சு, கூடையில அடுக்கி இந்தியாவுக்கு அனுப்புவாங்களாம். வெளியூர்ப் பயணிகள் டில்லிக்கு வந்து சேர்ந்தாங்கன்னு தெரிஞ்சா, உடனே ஆள் அனுப்பி அந்தக் கீத்தை வாங்கி வரச் சொல்வாராம்.

குவாரிசம்ங்கிறது இன்னிக்குக் கீவா நகரம் இருக்கிற பக்கம். உஸ்பெகிஸ்தான்ல இப்பவும் முலாம்பழத்தைக் காயவெச்சு, ஜடை மாதிரி பின்னி விக்கிறாங்க. படத்தைப் பார்த்ததும் அம்மா, "நம்ம மாங்கா வத்தல் மாதிரிதான்டா, ஈரம் படாம வெச்சா வருஷம் தாங்கும்" அப்படின்னாங்க.

(காட்சி: சமையலறை அலமாரி. துடைத்துக் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டப்பா.)

அதுக்குன்னே ஒரு எவர்சில்வர் டப்பாவைக் காலி பண்ணி, வெயில்ல வெச்சு எடுத்துட்டாங்க.