நாலாவது வருடம் யாருக்கு? பிரித்தானியாவில் கொம்பியூட்டர் சயன்ஸ் ஒருங்கிணைந்த முதுமாணி

வணக்கம் நேயர்களே.

ஏ-லெவல் கடைசி வருடத்தில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இப்போது யூகாஸ், அதாவது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற பொதுத் தளம், பற்றிய பேச்சுத்தான். கொம்பியூட்டர் சயன்ஸ் என்று தேடினால் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே பெயரோடு இரண்டு கற்கைநெறிகள் வந்து நிற்கும். ஒன்று பி.எஸ்சி., மூன்று வருடம். மற்றது எம்.எங். என்றோ எம்.சை. என்றோ எம்.கொம்ப். என்றோ இருக்கும், நாலு வருடம். அந்த நாலு வருடப் படிப்பைத்தான் ஒருங்கிணைந்த முதுமாணி என்கிறோம். இளமாணியும் முதுமாணியும் ஒரே விண்ணப்பம், ஒரே அனுமதி, பெரும்பாலும் முடிவில் ஒரே சான்றிதழ். அதை எப்படித் தெரிவு செய்வது, எங்கே பிள்ளைகள் சறுக்குகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

கணக்கை முதலில் பார்ப்போம். இங்கிலாந்தில் முழுநேரப் படிப்புக்கு வருடத்துக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் ஏறக்குறைய பத்து மணிநேர உழைப்பு. விரிவுரை, லாப், வீட்டில் இருந்து படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். பி.எஸ்சி. 360 கிரெடிட். ஒருங்கிணைந்த முதுமாணி 480. அதில் குறைந்தது 120 கிரெடிட் லெவல் 7 எனப்படும் முதுமாணித் தரத்தில் இருக்க வேண்டும். பி.எஸ்சி. முடித்துவிட்டுத் தனியாக எம்.எஸ்சி. செய்பவர் 180 கிரெடிட் செய்கிறார். செப்டெம்பரில் தொடங்கி அடுத்த செப்டெம்பர் வரை, கோடை முழுக்க ஆய்வுக்கட்டுரையோடு. ஒருங்கிணைந்த படிப்பின் நாலாவது வருடம் மற்ற வருடங்களைப் போல ஜூனில் முடிந்துவிடும்.

ஸ்கொட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே ஹொனர்ஸ் பட்டமே நாலு வருடம், ஒருங்கிணைந்தது ஐந்து. எடின்பரோவின் எம்.இன்ஃப். அப்படித்தான். லண்டனில் இருந்து போகிற பிள்ளை அந்த ஐந்து வருடத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது.

சரி, விண்ணப்பத்தில் எதைப் போடுவது? புள்ளிகள் இடம் கொடுத்தால் நாலு வருடத்தையே போடுங்கள். நாலில் இருந்து மூன்றுக்கு இறங்குவது ஒரு படிவத்தோடு முடிகிற வேலை. மூன்றில் இருந்து நாலுக்கு ஏறுவதற்குப் பல்கலைக்கழகம் சம்மதிக்க வேண்டும், சராசரி போதுமானதாக இருக்க வேண்டும், கடைசித் திகதிக்குள் கேட்டிருக்க வேண்டும். பி.எஸ்சி. பட்டம் கையில் வந்துவிட்டால் பொதுவாக அந்த வழி அடைபட்டுப் போகும். பட்டமளிப்பு முடிந்த பிறகு “அந்த நாலாவது வருடத்தை மட்டும் செய்கிறேன்” என்று கேட்டால் கிடைக்காது. ஒக்ஸ்போர்ட் இந்தச் சிக்கலையே வைக்கவில்லை. எல்லோரும் நாலு வருடப் படிப்புக்கே விண்ணப்பிக்கிறார்கள். தொடர்வதா என்பதை மூன்றாவது வருடத்தில் முடிவு செய்கிறார்கள். தொடர்வதற்கு 2:1 தரம், அதாவது இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவு, வேண்டும்.

சில பல்கலைக்கழகங்கள் நாலு வருடத்துக்கு ஏ-லெவலில் ஒரு தரம் கூடுதலாகக் கேட்கும், சில இரண்டுக்கும் ஒரே தரம்தான் கேட்கும். யூகாஸில் போடுகிற ஐந்து தெரிவில் ஒன்றோ இரண்டோ பி.எஸ்சி. ஆக இருப்பதில் தவறில்லை. பாடம் என்று வந்தால் பல இடங்களில் கணிதம் கட்டாயம். மேல்நிலையில் இருக்கிற இடங்கள் பல ஃபேர்தர் மெத்ஸ் என்ற மேலதிகக் கணித ஏ-லெவலையும் எதிர்பார்க்கும். ஏ-லெவல் கொம்பியூட்டர் சயன்ஸை அநேகமானவை கேட்பதில்லை. பெற்றோர் பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். கேம்பிரிட்ஜும் இம்பீரியலும் ரி.எம்.யூ.ஏ. என்ற கணிதப் பரீட்சையும் வைக்கின்றன. இரண்டு தாள், ஒவ்வொன்றும் 75 நிமிடம், 20 கேள்வி, கல்குலேட்டர் கிடையாது. கேம்பிரிட்ஜுக்குப் போடுகிறவர் ஒக்டோபர் அமர்விலேயே இதை எழுத வேண்டும். யூகாஸ் விண்ணப்பமும் ஒக்டோபர் 15க்குள் போயிருக்க வேண்டும். தன்னைப் பற்றி எழுதுகிற பகுதி 2026 நுழைவில் இருந்து மூன்று கேள்விகளாகிவிட்டது. மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. அண்ணாவின் பழைய கட்டுரையைத் தம்பி திருத்திப் போடுகிற காலம் போய்விட்டது.

இனிக் காசு விஷயம். பல வீடுகளில் முடிவை மாற்றுவது இதுதான்.

இங்கிலாந்தில் வதிவிடத் தகுதி உள்ள பிள்ளைக்கு ஒருங்கிணைந்த முதுமாணியின் நாலு வருடமும் இளமாணிக் கடனிலேயே போகும். கட்டணக் கடன் 2025-26 கல்வியாண்டில் வருடத்துக்கு 9,535 பவுண் வரை. அதற்கு மேல் வாழ்க்கைச் செலவுக் கடன் தனியாக உண்டு. தனி எம்.எஸ்சி. என்றால் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சேர்த்து ஒரே தொகை, அதே ஆண்டில் அதிகபட்சம் 12,858 பவுண். லண்டனில் பல எம்.எஸ்சி. படிப்புகளுக்குக் கட்டணம் மட்டுமே அதைத் தாண்டும். மிச்சம் அப்பா அம்மாவின் சேமிப்பில் இருந்துதான் வர வேண்டும்.

திருப்பிக் கட்டுகிற விதமும் வேறு. 2023 ஓகஸ்டுக்குப் பிறகு தொடங்கியவர்களின் இளமாணிக் கடன் பிளான் 5 என்ற திட்டத்தில் வரும். வருட வருமானத்தில் 25,000 பவுணுக்கு மேற்பட்ட பகுதியில் 9 வீதம் பிடிப்பார்கள், 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. முதுமாணிக் கடன் தனிக் கணக்கு. 21,000க்கு மேலே 6 வீதம், அதுவும் அதே சம்பளத்தில் இருந்து, அதே மாதத்தில். 37,000 பவுண் சம்பளம் என்று வையுங்கள். நாலு வருடப் படிப்பு முடித்தவருக்கு மாதம் 90 பவுண் போகும். பி.எஸ்சி.யும் கடனெடுத்து எம்.எஸ்சி.யும் செய்தவருக்கு 90உம் 80உம் சேர்த்து 170. நாலு வருடக்காரரின் இளமாணிக் கடன் தொகை பெரிது, நீண்ட காலம் இழுபடும் என்பதும் உண்மைதான். ஆனால் வேலை தொடங்குகிற வருடங்களில் மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் வாடகை கட்டுகிறவருக்கு முக்கியம்.

இதில் அடிக்கடி நடக்கிற ஒரு குளறுபடி. வாழ்க்கைச் செலவுக் கடன் கடைசி வருடத்தில் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் அந்தக் கோடை விடுமுறையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பி.எஸ்சி.யில் சேர்ந்த பிள்ளை இரண்டாவது வருட முடிவில் நாலு வருடத்துக்கு மாறினால் மூன்றாவது வருடம் இனிக் கடைசி வருடம் இல்லை. பல்கலைக்கழகம் இந்த மாற்றத்தைக் கடன் தருகிற ஸ்டூடண்ட் ஃபினான்ஸுக்கு அறிவிக்காவிட்டால் பழைய பதிவுதான் நிற்கும், காசு குறைந்து வரும். மாறிய உடனே பிள்ளை தன் கணக்கைத் திறந்து படிப்பு முடிகிற வருடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கொழும்பில் இருந்தோ சென்னையில் இருந்தோ மாணவர் விசாவில் வருகிறவருக்கு இந்தக் கடன் கணக்கு எதுவும் பொருந்தாது. அவருக்கு நாலாவது வருடம் என்றால் இன்னொரு முழு வெளிநாட்டுக் கட்டணம். படித்து முடித்த பின் வேலை தேடத் தருகிற கிராஜுவேட் விசாவோ இளமாணிக்கும் முதுமாணிக்கும் ஒரே காலம்தான். அதை நம்பி நாலாவது வருடம் எடுப்பதில் பயன் இல்லை.

இந்தப் படிப்பில் அப்படி என்னதான் இருக்கிறது? கோடிங் படிக்கப் போகிறோம் என்று நினைத்து வருகிற பிள்ளை முதல் டேர்மிலேயே திகைத்துப் போகும். கேம்பிரிட்ஜில் முதல் மொழி ஓகேமல், ஒக்ஸ்போர்டில் ஹாஸ்கெல். பைத்தன் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே கோட்டில் இருந்து தொடங்க வேண்டும் என்பதும் அதில் ஒரு நோக்கம். கூடவே டிஸ்கிரீட் மெத்ஸ், லொஜிக், லீனியர் அல்ஜீப்ரா.

ஒரு சின்ன உதாரணத்தை எடுத்து வருடம் வருடமாகப் பார்த்தால் விளங்கும். வரிசைப்படுத்தி வைத்த பத்து லட்சம் பெயர்களில் ஒரு பெயரைத் தேட வேண்டும். நடுப் பெயரைப் பார்க்கிறோம். தேடுவது அதற்கு முன்னால் வருமென்றால் பின் பாதியைத் தள்ளிவிடுகிறோம். இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால் 20 தடவைக்குள் முடிந்துவிடும். இதுதான் பைனரி சேர்ச். முதல் வருடம் இதை எழுதுவார்கள். சில வரிதான். இரண்டாவது வருடம் அது ஏன் 20, ஒவ்வொரு சுற்றிலும் எது மாறாமல் நிற்கிறது, எந்தப் பட்டியல் கொடுத்தாலும் அது முடிவுக்கு வரும் என்று எப்படி நிரூபிப்பது என்று கேட்பார்கள். அதே வருடத்தில் இன்னொன்றும் வெளிவரும். நடு இடத்தைக் கண்டுபிடிக்கத் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டி இரண்டால் பிரிக்கிறோம் அல்லவா? ஜாவாவின் சாதாரண முழு எண்ணில் 2,147,483,647க்கு மேலே இடமில்லை. பட்டியல் மிகப் பெரிதென்றால் கூட்டுத்தொகை அதைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும், புரோகிராம் விழுந்துவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல வருடம் இருந்து 2006இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கூட்டுவதற்குப் பதில் வித்தியாசத்தின் பாதியைத் தொடக்க எண்ணோடு சேர்த்தால் சரி. நாலாவது வருடத்தில், இப்படிப்பட்ட பிழை இல்லவே இல்லை என்பதைக் கணினியே படிப்படியாகச் சரிபார்க்கிற நிரூபணத்தை எழுதக் கற்றுக்கொள்ளலாம். அல்லது அந்த வழியை விட்டு மெஷின் லேர்னிங், கிரிப்டோகிராஃபி, கொம்பைலர் என்று ஒன்றில் ஆழமாகப் போகலாம். ஆய்வுக் கட்டுரைகளை நேராக வாசிக்கிற வருடம் அது. பாடப்புத்தகம் கையைப் பிடித்துக் கூட்டிப் போகாது.

அதனால்தான் நாலாவது வருடத்துக்கு ஒரு வடிகட்டலும் இருக்கிறது. இரண்டாவது அல்லது மூன்றாவது வருட முடிவில் சராசரி பல இடங்களில் 55 அல்லது 60க்கு மேல் இருக்க வேண்டும். எட்டாதவரை பி.எஸ்சி.க்கு மாற்றிவிடுவார்கள். முதல் வருடம் பட்டத் தரத்துக்குக் கணக்கில்லை, 40 எடுத்தால் போதும் என்று ஒரு பேச்சு மாணவர் மத்தியில் உலாவுகிறது. பாதி உண்மை. முதல் வருடத்தில் நிரூபணம் எழுதப் பழகாதவர் இரண்டாவது வருட அல்கோரிதம் பாடத்தில் அடிவாங்குவார், அதுதான் இந்தச் சராசரியைத் தீர்மானிக்கிற வருடம். பெயிலான பாடத்தைத் திரும்ப எழுதினாலும் பெரும்பாலும் சித்திப் புள்ளிக்கு மேல் தரமாட்டார்கள், 75 எடுத்தாலும் 40 என்றே பதிவாகும். ஏ.ஐ.யைக் கேட்டு லாப் வேலைகளை முடித்துவிட்டுப் பேனாவோடு பரீட்சை மண்டபத்தில் உட்காருகிறவரின் கதியை நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பொறி லெவல் 7 சித்திப் புள்ளி. இளமாணிப் பாடங்களில் 40 சித்தி. முதுமாணிப் பாடங்களில் பல பல்கலைக்கழகங்கள் 50 கேட்கும். மூன்றாவது வருடத்தில் 46 எடுத்துத் தப்பியவர் நாலாவது வருடத்தில் அதே 46ஓடு பெயில். சேருகிற நேரத்திலேயே அந்தத் துறையின் கையேட்டில் இந்த எண்ணைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் பட்டத் தரத்துக்கு எத்தனை வீதம் சேரும் என்பதும் அதே கையேட்டில்தான் இருக்கும். இடத்துக்கு இடம் நிறைய மாறும்.

வேலை தேடும்போது எது நல்லது? மென்பொருள் கம்பனிகள் ஆரம்ப வேலைக்கு பி.எஸ்சி.யா எம்.எங்.ஆ என்று பெரிதாகப் பார்ப்பதில்லை. சம்பளம் கூடும் என்று மட்டும் நினைத்து இன்னொரு வருடம் இருக்க வேண்டாம். ஆனால் நாலு வருடத்தில் மறைந்திருக்கிற ஒரு லாபம் இருக்கிறது. பெரிய கம்பனிகளின் கோடைகால இன்டர்ன்ஷிப் அநேகமாகக் கடைசிக்கு முந்தின வருடத்தில் இருப்பவருக்கு. பி.எஸ்சி. பிள்ளைக்கு அது இரண்டாவது வருடம், கையில் அனுபவம் குறைவு. நாலு வருடப் பிள்ளைக்கு அது மூன்றாவது வருடம். இரண்டாவது வருடக் கோடையில் சின்ன இடம் ஒன்றில் பழகிவிட்டு, அடுத்த கோடையில் பெரிய இடத்துக்குப் போகலாம். விண்ணப்பங்கள் முந்தின இலையுதிர் காலத்திலேயே திறந்துவிடும். கிறிஸ்மஸுக்குப் பிறகு பார்ப்போம் என்றால் பல இடங்கள் நிரம்பியிருக்கும். ஒரு முழு வருடத் தொழில் அனுபவமும் சேர்த்தால் படிப்பு ஐந்து வருடமாகும். அந்த வருடத்துக்குக் கட்டணம் உச்சத் தொகையில் 20 வீதத்துக்கு மேல் வாங்க முடியாது.

சார்டர்ட் இன்ஜினியர் என்ற தொழில்முறைத் தகுதியை நோக்கிப் போகிறவருக்கு, பி.சி.எஸ். எனப்படும் பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற எம்.எங். அதற்கான கல்வித் தகுதியை முழுதாக நிறைவு செய்யும், பி.எஸ்சி. ஒரு பகுதியை மட்டும். மென்பொருள் எழுதுகிறவர்களில் அதைத் தேடுகிறவர் குறைவு.

தனி எம்.எஸ்சி.யே சரியான வழி என்கிற பிள்ளைகளும் உண்டு. வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்புகிறவர், இளமாணியில் கிடைக்காத ஒரு துறையைத் தேடுகிறவர், கொஞ்ச நாள் வேலை செய்துவிட்டுத் திரும்ப நினைப்பவர். இவர்கள் கவனிக்க வேண்டியது, கொம்பியூட்டர் சயன்ஸ் என்ற பெயரில் வருகிற எம்.எஸ்சி.களில் பல வேறு பாடம் படித்தவர்களுக்கான மாற்றுப் படிப்புகள். உயிரியலோ பொருளியலோ முடித்தவருக்குப் புரோகிராமிங்கை அடியில் இருந்து சொல்லிக்கொடுப்பவை. கொம்பியூட்டர் சயன்ஸ் பி.எஸ்சி. முடித்தவர் அதில் சேர்ந்தால் ஒரு வருடமும் பணமும் பழைய பாடத்துக்கே போகும். இம்பீரியலில் எம்.எஸ்சி. கொம்பியூட்டிங் மற்றவர்களுக்கு, இத்துறையிலேயே பட்டம் பெற்றவருக்கு எம்.எஸ்சி. அட்வான்ஸ்ட் கொம்பியூட்டிங். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம்.

ஆராய்ச்சிக்குப் போகிற எண்ணம் இருந்தால் நாலு வருடம் நல்ல வழி, பிரித்தானியாவில் அதிலிருந்து நேராகவே பி.எச்.டி.க்குப் போகிறார்கள். ஐரோப்பாவுக்குப் போவதென்றால் மட்டும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். இங்குள்ள இரண்டு கிரெடிட் அங்குள்ள ஒரு ஈ.சி.டி.எஸ்., அதாவது ஐரோப்பியக் கிரெடிட். 480 கிரெடிட் என்பது 240. அங்கே மூன்று வருட இளமாணியும் இரண்டு வருட முதுமாணியும் சேர்ந்தால் 300. சில பல்கலைக்கழகங்கள் முனைவர் அனுமதிக்கு அந்த 300ஐ எதிர்பார்க்கலாம். ஜெர்மனியோ நெதர்லாந்தோ மனதில் இருக்கிற பிள்ளை மூன்றாவது வருடத்திலேயே அங்குள்ள அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நன்றி, வணக்கம்.