நாளைக்குப் பாப்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் முப்பது வருசத்துக்கு மேல் தாதியாக வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி சலரோக கிளினிக்கில் போனது. அங்கே நான் அதிகம் கேட்ட வார்த்தை "நாளைக்குப் பாப்பம்". அதைப் பற்றித்தான் இன்று கதைக்க வந்திருக்கிறேன்.

வடமராட்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த துண்டை எட்டு மாதம் கைப்பையிலேயே வைத்திருந்தார். மடித்த இடத்தில் தாள் கிழிந்து, எழுத்தும் அழிந்துவிட்டது. "ஏனம்மா, பஞ்சியோ?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பஞ்சி இல்லைப் பிள்ளை. விடிய நாலு மணிக்கு எழும்பி முற்றம் கூட்டுறன், மாட்டுக்கு வைக்கிறன். பஞ்சிக்காரி எண்டால் இதெல்லாம் செய்வனோ? அந்தத் துண்டைக் கண்டால் நெஞ்சு படபடக்குது. அதுதான் எடுத்துப் பாக்கிறேல்லை."

அப்படிக் கேட்டதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன். அவர் ஒளித்தது வேலைக்கு இல்லை, பயத்துக்கு.

ஒரு காரியத்தை நினைத்ததும் பயமோ வெட்கமோ வருகிறது. "நாளைக்கு" என்றவுடன் அது தணிகிறது. அந்த ஆறுதலை மூளை பிடித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் விரைவாக "நாளைக்கு" என்று சொல்ல வைக்கிறது. ஆனால் காரியம் எங்கேயும் போய்விடவில்லை. சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் இரவு பாயில் சரியும்போதும் வந்து நிற்கிறது. மனம் அப்படிப் பதைக்கும்போது, சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் கூட்டி விடுகின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, பிரசர் ஏறுகிறது, ஈரல் சேமித்த சீனியை இரத்தத்துக்குள் விடுகிறது. நாய் துரத்தினால் ஓடித் தப்ப இது உதவும். எட்டு மாதமாகக் கைப்பையில் கிடக்கும் துண்டுக்கு உடம்பு எங்கே ஓடுவது? நித்திரைதான் குழம்பும். எந்தச் சீனியைச் சோதிக்கப் பயந்தாரோ, அதே சீனியை அந்தப் பயமும் ஏற்றிவிடும்.

சுவீடனில் 3525 பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. தள்ளிப்போடும் பழக்கம் கூடியவர்களிடம் ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது மனச்சோர்வு, பதற்றம், கை நோ, நித்திரைக் குறைவு, தனிமை எல்லாம் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. தள்ளிப்போட்டதுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, வித்தியாசமும் சிறிதுதான். ஆனால் எத்தனை பக்கத்தைத் தொட்டிருக்கிறது, பாருங்கள்.

என்னை அதிகம் வருத்தியது கால் புண்தான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் முடிந்த பிறகு வருவார்கள். வெயிலில் காய்ந்த மணலிலும் தார் ரோட்டிலும் வெறுங்காலோடு நடந்திருப்பார்கள். சலரோகத்தால் நரம்பு மரத்துப்போனவருக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் போட்டாலும் நோகாது. நோகாததால் தேர் முடியட்டும், தீர்த்தம் முடியட்டும் என்று நாள் போகும். கறுத்த விரலோடு வந்து நிற்கும்போது எங்கள் கையில் அதிகம் இருக்காது. கொப்புளம் கண்ட அன்றே வந்திருந்தால் மருந்து கட்டி ஆற்றியிருக்கலாம். அந்த விரல்களை நான் மறக்கவில்லை.

சரி, வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்வது? முதலில், ஏசாதீர்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையென்றாலும் அப்படித்தான். ஏச்சு பயத்தைக் கூட்டும், பயம் இன்னொரு "நாளைக்கு" என்று போகும். கனடாவில் 119 முதலாம் வருட மாணவர்களிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், முதல் பரீட்சைக்குப் படிக்காமல் இழுத்தடித்ததற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத்தான் இழுத்தடித்தார்கள்.

அப்புறம், முழுக் காரியத்தையும் தலையில் ஏற்றாதீர்கள். துண்டை எடுத்து மேசையில் வைப்பது இன்றைக்குப் போதும். பஸ் எத்தனை மணிக்கு என்று நாளைக்குக் கேட்கலாம். கூட வர ஒருவர் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். பல நாட்களாக நித்திரையே இல்லை, எதிலும் மனம் பிடிக்கவில்லை என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். தள்ளிப்போடுவதற்குப் பின்னால் மனச்சோர்வு இருக்கக்கூடும்.

அந்த அம்மாவுக்குப் புதுத் துண்டு எழுதுவித்தேன். கையில் கொடுத்தனுப்பவில்லை. மகளோடு போனில் கதைத்து, அடுத்த நாள் காலை சாப்பிடாமல் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். வந்தார்கள். சீனி கூடித்தான் இருந்தது, சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை. முடிவைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இவ்வளவுதானோ பிள்ளை?" என்றார். பிறகு கிளினிக் கொப்பியை நீட்டி, அடுத்த திகதியைப் பெரிசாக எழுதித் தரச் சொன்னார்.