வெட்டவெளியை நம்பி வாழும் வெளிமான்

நேயர்களுக்கு வணக்கம். கோடியக்கரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பூநாரை பார்க்கத்தான் போகிறார்கள். போகட்டும், பார்க்க வேண்டிய பறவைதான். ஆனால் 1967-ல் அங்கே சரணாலயம் அமைத்ததே வெளிமானைக் காப்பாற்றத்தான். அந்த மானைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். திருகுமான் என்றும் சொல்வார்கள்.

முதலில் தோற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். தோள் உயரம் ஏறக்குறைய இரண்டரை அடி. வளர்ந்த ஆண் 40 கிலோவை ஒட்டி இருக்கும், பெண் இன்னும் லேசு. பெண்ணும் குட்டிகளும் மஞ்சள் கலந்த பழுப்பு. ஆணுக்கு வயது ஏற ஏற முதுகு கருத்துக்கொண்டே வரும். வடக்கே நல்ல கருப்பாகவே ஆகிவிடும். நம் பக்கத்து ஆண்கள் பெரும்பாலும் கரும்பழுப்போடு நின்றுவிடுகின்றன. வயிறு, மோவாய், கண்ணைச் சுற்றிய வளையம் எல்லாம் வெள்ளை. முறுக்கிக்கொண்டு மேலே போகும் கொம்பு ஆணுக்குத்தான். இரண்டடியைத் தாண்டி வளர்வதும் உண்டு. இரும்பை முறுக்கியது போல என்று சங்கப் புலவர் ஒருவர் பாடியிருக்கிறார். நேரில் பார்த்தால், இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது என்று தோன்றும். புள்ளிமானின் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும். வெளிமானுக்கு ஆடுமாடுகளைப் போல ஆயுசுக்கும் ஒரே கொம்பு.

ஒளிந்து தப்பிக்கிற பழக்கம் இதற்கு இல்லை. தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், பார்த்ததும் ஓட வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் கட்டைப்புல் இருக்கும் வெட்டவெளியாகத் தேடிப் போகும். புல் ஆளுயரம் வளர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் போகத் தயங்கும். மந்தையில் ஒன்று மிரண்டால் நான்கு காலும் தரையை விட்டு எழும்ப ஒரு துள்ளல் போடும். அதைப் பார்த்து அடுத்தது துள்ளும். அப்புறம் மொத்த மந்தையும் ஓட்டம் பிடிக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. ஒரு காலத்தில் அதைத் துரத்தியது சிவிங்கிப்புலி. இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போனதாக 1952-ல் அறிவித்துவிட்டார்கள். மான் இன்னும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது.

பிறந்த குட்டிக்கு மட்டும் இந்த வழி உதவாது. தாய் அதைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். பால் கொடுக்க மட்டும் வரும். குட்டி அசையாமல் தரையோடு ஒட்டிக் கிடக்கும். நரியும் தெருநாயும் குட்டிகளைப் பிடிப்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். குட்டி தனியாகக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டுத் தூக்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து தூக்காதீர்கள். தாய் அதைக் கைவிட்டிருக்காது, திரும்பி வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது இனச்சேர்க்கைக் காலம். குஜராத்தில் வேளாவதர் என்ற இடத்தில் இதற்கென்றே பேர்பெற்ற ஒரு புல்வெளி உண்டு. ஆண்கள் பக்கத்துப் பக்கத்தில் ஆளுக்கொரு சின்ன இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவித்து வைக்கும். கண்ணுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியைப் புல் நுனியிலும் குச்சியிலும் தேய்த்து மணம் ஏற்றும். பெண் வந்தால் தலையை நிமிர்த்தி, கொம்பை முதுகோடு சாய்த்து, வாலைச் சுருட்டிக்கொண்டு உறுமியபடி சுற்றிச் சுற்றி வரும். பெண் நிதானமாக நடந்து ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்கும். இத்தனையும் நடப்பது மறைப்பே இல்லாத திறந்தவெளியில்.

அந்தத் திறந்தவெளிதான் இப்போது சுருங்கிக்கொண்டு வருகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபின் வேட்டை பெருமளவு அடங்கியது. ஆனால் சீமைக் கருவேலத்தை எந்தச் சட்டம் தடுக்கும்? கோடியக்கரையில் அது புல்வெளிக்குள் பரவிக்கொண்டே இருக்கிறது. இனிப்பான அதன் காயைத் தீவனம் குறைந்த மாதங்களில் மானே தின்கிறது. விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கிறது. தனக்கு ஆகாத மரத்தைத் தானே பரப்பும் நிலை. வேரோடு பிடுங்கிக்கொண்டே இருந்தால்தான் புல் மிஞ்சும், ஒரு தடவை வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்துவிடும்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புல்வெளியைப் பார்த்தாலே நமக்குத் தரிசு என்றுதான் படுகிறது. நல்லெண்ணத்தோடு மரக்கன்று நட்டுவிடுகிறோம். மரம் நடுவது நல்லதுதான், எங்கே நடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். புல்வெளியில் நடும் மரம் வெளிமானின் கண்ணை மறைக்கும், கீழே இருக்கும் புல்லையும் கொல்லும். ஊராட்சி மன்றங்களும் பள்ளிகளும் மரம் நடும் விழாவுக்கு இடம் தேடும்போது புல்வெளியை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோடியக்கரை தூரமாக இருந்தால் தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாடு இருக்கிறது. சென்னையில் கிண்டியிலும், சத்தியமங்கலம் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் பார்க்கலாம். விடிந்த கையோடு போங்கள், வெயில் ஏறினால் நிழலோரம் படுத்துவிடும். பைனாகுலர் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மந்தை தலையைத் தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால் அதற்குமேல் ஓர் அடியும் நெருங்காதீர்கள். வணக்கம்.