பேஸ் எத்தனைங்க?

நேயர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நான் ஓட ஆரம்பித்தபோது எனக்கு வயது 41. ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். இரண்டாவது வாரம், பக்கத்தில் ஓடி வந்த ஒரு பெண் கேட்டார்: “அக்கா, உங்க பேஸ் எத்தனைங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு வேகம் என்றால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர். ஓடுகிறவர்கள் அதைத் திருப்பிப் போட்டுச் சொல்கிறார்கள்: ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம். அதுதான் பேஸ். எண் குறையக் குறைய வேகம் கூடுகிறது. எட்டு நிமிடப் பேஸ் என்றால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் ஓட 40 நிமிடம்.

இந்தக் கணக்கு பிடிபட்டதும் பழைய சாதனைகள் வேறு மாதிரி தெரிந்தன. இந்திய ஓட்டக்காரர் சிவநாத் சிங் 1978இல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். கிலோமீட்டருக்குச் சுமார் 3 நிமிடம் 8 வினாடி. அப்படியென்றால் நூறு மீட்டருக்குப் பத்தொன்பது வினாடிகூட இல்லை. அந்த வேகத்தை ஒரு நாள் ஓடிப் பார்த்தேன். இருநூறு மீட்டருக்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் 42 கிலோமீட்டரும் அப்படி ஓடியிருக்கிறார்.

மாரத்தான் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தையும் மாரத்தான் என்றே போடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம், 42.195 கிலோமீட்டர், 1921இல் அதுவே நிரந்தர அளவானது. ஐந்து கிலோமீட்டர் ஓடுவதும் பெருமைதான், அதை அதன் பெயரிலேயே சொல்லலாமே.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஃபார்ட்லெக். ஸ்வீடன் மொழியில் ‘ஃபார்ட்’ என்றால் வேகம், ‘லெக்’ என்றால் விளையாட்டு. 1930களில் கோஸ்டா ஹோல்மேர் என்ற பயிற்சியாளர் உருவாக்கிய முறை. கடிகாரம் வேண்டாம், மைதானக் கோடு வேண்டாம். அந்த மரம் வரை விரட்டி ஓடு, மூச்சு அடங்கும் வரை மெதுவாகப் போ, அப்புறம் அடுத்த விளக்குக் கம்பம். தெருவில் ‘அந்த வீடு வரைக்கும் யார் முதல்ல’ என்று ஓடிய பிள்ளைகள் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் புதிதாக ஓட வருகிறவர்கள் முதலில் கற்க வேண்டிய சொல் பேஸும் இல்லை, ஃபார்ட்லெக்கும் இல்லை. ‘ஈஸி’. நான் அதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். இரண்டு மாதம் தினமும் கைக்கடிகாரத்தில் எண்ணைக் குறைப்பதிலேயே இருந்தேன். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பையொட்டி வலி வந்தது. ஓடுகிறவர்கள் இதை ஷின் ஸ்ப்ளிண்ட் என்கிறார்கள். கால் பழகுவதற்கு முன் சுமையை ஏற்றினால் வருவது. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று வாரம் ஓட்டம் நின்றது.

திரும்பி வந்தபோது, அங்கே பல வருடங்களாக ஓடும் ஒரு பெரியவர் என்னோடு சேர்ந்து ஓடினார். “கண்ணு, வீட்டுல இன்னைக்கு என்ன சமையல்?” என்றார். “பருப்பு... ரசம்...” என்று மூச்சு வாங்கினேன். “நிறுத்தாம சொல்ல முடியலைன்னா இது ஈஸி இல்லை. குறைச்சுக்கோ” என்றார். ஈஸி ரன்னுக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை. ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் அப்படி இருந்தால்தான் இதயமும் தசைநாரும் எலும்பும் நிதானமாகப் பழகும். நடக்க வேண்டியிருந்தால் நடக்கலாம், அதுவும் ஈஸிதான்.

போன வாரம் ஒரு தம்பி, புது ஷூ போட்டு வந்தவர், மூச்சிரைக்க என்னை எட்டிப் பிடித்துக் கேட்டார்: “அக்கா, உங்க பேஸ் எத்தனைங்க?”

“சொல்றேன் தம்பி. முதல்ல, காலையில என்ன சாப்பிட்டீங்க?”

வேகத்தைக் குறைத்தார். இரண்டாவது இட்லியைச் சொல்லும்போது குரல் நிதானத்துக்கு வந்தது. அந்தச் சுற்று முழுக்கப் பேசிக்கொண்டே ஓடினோம்.

வணக்கம்.