டிபன் பாக்ஸ் திறக்கும் நேரம்

நடுவர் அவர்களே, மேல்நிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலை தேங்கிக் கிடப்பது ஆசிரியரின் பணிச்சுமையாலா, மனப்பான்மையாலா என்று கேட்டிருக்கிறீர்கள். மனப்பான்மையால்தான் என்று பேச வந்திருக்கும் நானும் ஓர் ஆசிரியைதான், அதனால் அடி எனக்கும் சேர்த்துத்தான்.

எதிரணி நண்பர் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றும் வேலை, தேர்தல் வேலை, ஒரே வகுப்பில் 60 பேர் என்று அடுக்கினார். எல்லாம் உண்மை. ஆனால் வீட்டுப்பாடம் எழுதாத பையனை ஒரு பீரியட் முழுக்க வாசலில் நிற்க வைக்கிறோமே, அந்த 40 நிமிடத்தில் 'ராத்திரி வீட்டில் என்னடா ஆச்சு' என்று கேட்க 2 நிமிடம் கிடைக்காதா?

கவுன்சிலிங் என்றால் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் சீட், நமக்கு இடமாறுதல். இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது, 'கம்பைப் பிடுங்கிவிட்டுக் கவுன்சிலிங்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்' என்று அலுத்துக்கொள்ளும்போதுதான் ஞாபகம் வருகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடியை மட்டுமா தடுக்கிறது, மனத்துன்புறுத்தலையும் சேர்த்துத்தான். அந்தப் பாதியை நாம் வசதியாகப் படிப்பதில்லை. பிள்ளைகள் குறை சொல்லக் கல்வித்துறை வைத்திருக்கும் 14417 உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறோம், சரி. ஒரு பிள்ளை அதற்குப் போன் செய்தது தெரிந்தால் 'யாரைடா மாட்டிவிட்டே' என்பதுதானே நம் முதல் கேள்வி?

சில வருஷங்களுக்கு முன், பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இன்டர்வெல்லில் எல்லாரும் போன பிறகு, டஸ்டரைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், அப்பா குடித்துவிட்டு வந்து புத்தகங்களைத் தெருவில் எறிந்ததைச் சொன்னாள். 'யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்' என்றாள். மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே சொல்லிவிட்டேன், பாவம் அந்தப் பெண் என்று இரக்கத்தோடுதான். கடைசி பீரியடில் சக ஆசிரியர் ஒருவர், அவரும் அக்கறையாகத்தான், பாடத்தின் நடுவே அவளை எழுப்பி 'அப்பா இப்போ ஒழுங்கா இருக்காராம்மா' என்று கேட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்ததாம்.

எந்தப் பணிச்சுமை என் வாயைத் திறந்தது, நடுவர் அவர்களே? அவள் சொன்னது அவளுடையது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அப்புறம் அவள் என்னிடம் பேசவேயில்லை. லீவு லெட்டர் மட்டும் வரும், 'கடுமையான காய்ச்சல் காரணமாக' என்று. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவளுக்குக் காய்ச்சல்தான்.